எர்மிடாஜ் மலையிலிருந்து ஒரே ஒரு பாட்டில்: எதை எடுப்பது?

பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து தெற்கே போகும் ரயிலில் இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் அந்த மலை வந்துவிடும். தேங்-லெர்மிடாஜ் என்ற சின்ன ஊரின் தலைக்கு மேலேயே எழுந்து நிற்கும் சரிவு. படிப்படியாகக் கட்டிய கல்சுவர்கள். சில சுவர்களில், ரயிலிலிருந்தே படிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் ஒயின் நிறுவனங்களின் பெயர்கள். மலை முழுவதையும் சேர்த்தாலும் திராட்சைக் கொடி நிற்கும் நிலம் சுமார் 140 ஹெக்டேர்தான், அதாவது ஏறக்குறைய 345 ஏக்கர். பிரான்ஸின் பெரிய ஒயின் பகுதியான போர்தோவில் பேர்பெற்ற ஒரே ஒரு தோட்டம் இதில் பாதிக்கு மேல் இருக்கும். உலகம் முழுக்கக் கேட்கிற எர்மிடாஜ் ஒயின் அத்தனையும் இந்த ஒரு சரிவிலிருந்துதான் வர வேண்டும் என்றால் விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "வாழ்க்கையில் ஒரு தடவை நல்ல எர்மிடாஜ் வாங்கிப் பார்க்கணும், எதை வாங்கலாம்?" கடையில் போய் நின்றால் நாலு வழி தெரியும். மலையின் ஒரே ஒரு துண்டு நிலத்திலிருந்து மட்டும் செய்த சிவப்பு. பல துண்டுகளின் ஒயினைச் சேர்த்துச் செய்த சிவப்பு. யாரும் கண்டுகொள்ளாத வெள்ளை. கடைசியாக, மலையடிவாரத்திலும் ஆற்றின் மறுகரையிலும் விளையும் மலிவான அண்டை வீட்டு ஒயின்கள். நான் எந்தக் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சிவப்பு என்றால் கலவை. ஏன் என்று புரிய மலையைக் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும்.

ரோன் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதால் அதன் கரைச் சரிவுகள் பொதுவாகக் கிழக்கையோ மேற்கையோ பார்த்தபடி இருக்கும். தேங் ஊருக்கு அருகில் மட்டும் ஆறு கொஞ்ச தூரம் கிழக்கே வளைகிறது. அந்த வளைவில் நிற்கும் மலைக்கு நேர் தெற்கு முகம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரால் காற்றின் கடுமையை மலையின் முதுகு வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் மழைக்குப் பிறகு குலைகளை உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்குப் போதுமான காற்று சரிவுக்கு வந்துவிடும்.

இன்னும் விசேஷம் மண்ணில் இருக்கிறது. இந்தப் பகுதியில் கிரானைட் பாறை என்பது ஆற்றின் மேற்குக் கரைச் சரக்கு, மாசிஃப் சென்ட்ரால் மலைத்தொகுதியின் விளிம்பு. எர்மிடாஜின் மேற்கு மூலையில் மட்டும் அதே கிரானைட் கிழக்குக் கரையில் நிற்கிறது. பழங்காலத்தில் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு புது வழி கண்டபோது ஒரு துண்டு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மலையின் நடுவிலும் கிழக்கிலும் கதை வேறு: பழைய ஆற்றுப் படுகை விட்டுப்போன கூழாங்கற்கள், சுண்ணாம்பு, களிமண். மேலே சில இடங்களில் காற்று கொண்டுவந்து போட்ட லோஸ் என்ற மெல்லிய வண்டல். ஒரே மலை, ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் காலடியில் மண் மாறிக்கொண்டே வரும்.

மேற்கில் இருக்கும் துண்டின் பெயர் பெசார். அங்கே மண்ணை ஒரு பிடி அள்ளினால் உள்ளங்கையில் பழுப்பு நிறத்தில் கரடுமுரடான மணல் நிற்கும். கிரானைட் பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து ஆன மணல் அது. விரல் இடுக்கில் அபிரகத் துணுக்குகள் மினுக்கும். தண்ணீர் தங்காது, சத்தும் அதிகம் கிடையாது. வேர் பாறை இடுக்குகளைத் தேடிப் போகும். இங்கே விளையும் சிரா என்ற சிவப்பு ஒயின் திராட்சை தருவது எலும்பும் நரம்பும்: இறுகிய துவர்ப்பு, நேர்கோடான சுவை, பல வருஷம் தாங்கும் கட்டு. அதற்குப் பக்கத்திலேயே மேயால். இங்கே குனிந்தால் கைக்கு வருவது உருண்டைக் கூழாங்கல். மதியத்தில் தொட்டால் சுடும், இருட்டிய பிறகும் சூடு விடாது. மேயால் சிரா சதைப்பிடிப்பானது, பழுத்தது, வாய் நிறையும். அடிவாரத்தில் கிரெஃபியூ. களிமண் கூடுதலாக இருப்பதால் ஒயின் மிருதுவாகவும் சீக்கிரம் குடிக்கத் தகுந்ததாகவும் வரும். உச்சியில், சின்னக் கல் தேவாலயத்தைச் சுற்றி லெர்மித். கிழக்கே ரொக்கூல், மூரே போன்ற களிமண்-சுண்ணாம்புத் துண்டுகள். வெள்ளைத் திராட்சைக்குப் பேர்போன இடங்கள்.

அந்தத் தேவாலயத்துக்கு ஒரு கதை உண்டு. தெற்கு பிரான்ஸில் நடந்த சிலுவைப்போரில் சண்டையிட்டுச் சலித்துத் திரும்பிய காஸ்பார் த ஸ்தெராம்பேர் என்ற வீரன் 1224-இல் இந்த உச்சியில் துறவியாகத் தங்கித் திராட்சை வளர்த்தானாம். சாட்சி கேட்காமல் ரசிக்க வேண்டிய கதை. தேவாலயம் 1919 முதல் ஜபூலே ஒயின் நிறுவனத்தின் கையில் வந்தது, அவர்களுடைய புகழ்பெற்ற சிவப்புக்கு லா ஷப்பேல் என்று பெயர் வைத்தது அதனால்தான். பாரிஸில் நம்மவர்கள் மளிகை வாங்கப் போகும் லாச்சப்பலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கே வேலை செய்வது லேசு இல்லை. கொடி ஒவ்வொன்றையும் தனித்தனி மரக்கழியில் கட்டியிருப்பார்கள், காற்று சாய்த்துவிடாமல் இருக்க. செங்குத்தான இடத்தில் டிராக்டர் ஏறாது. இரும்புக் கயிற்றில் கலப்பையை இழுக்கிறார்கள், சில இடங்களில் குதிரை, மிச்சம் மண்வெட்டி. பெருமழை வந்தால் மண் அடிவாரத்துக்கு இறங்கிவிடும், அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். விலையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

தயாரிப்பு முறை எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். கையால் பறித்து, பெரும்பாலும் காம்பு நீக்கி, நொதிக்கும்போது மேலே மிதக்கும் தோலை அவ்வப்போது கீழே அமுக்கி நிறத்தையும் துவர்ப்பையும் இறக்கி, அப்புறம் ஓக் பீப்பாயில் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் வைப்பார்கள். சிவப்பில் 15 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, நடைமுறையில் அதைச் செய்பவர்கள் குறைவு. இந்தப் பகுதி சிராவில் பலர் முதலில் பிடிக்கும் வாசனை மிளகு. கற்பனை இல்லை அது: ரொட்டன்டோன் என்ற சேர்மம்தான் காரணம், நம் கருமிளகிலும் இருப்பது அதேதான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

பெரிய வித்தியாசம் இதற்குப் பிறகு, பீப்பாய்களை என்ன செய்வது என்ற முடிவில் தொடங்குகிறது.

தனித் துண்டு

இந்தக் கட்சியின் தலைவர் ஷபூத்தியே நிறுவனம். 1808-இல் தொடங்கியது, மலையில் பெரிய நிலக்காரர்களில் ஒருவர். பெசாரிலிருந்து லெ பவியோன், மேயாலிலிருந்து லெ மேயால், கிரெஃபியூவிலிருந்து லெ கிரெஃபியூ, உச்சியிலிருந்து லெர்மித் என்று ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பாட்டிலாக விற்கிறார்கள். லேபிளில் பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்தும் இருக்கும், 1996-லிருந்து. பிரெஞ்சு பிரெயிலுக்குச் சுருக்கெழுத்து வகுத்த மொரீஸ் மொனியே த லா சிசெரான் குடும்பத்துக்கு இந்த மலையில் நிலம் இருந்தது, அந்த நினைவுக்காக.

தனித் துண்டு ஒயினின் கவர்ச்சி தெளிவு. பெசாரும் மேயாலும் அடுத்தடுத்த நிலங்கள், ஒரே கொடி, ஒரே வருஷம், ஒரே கை. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் குடித்தால் மண் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் கவனியுங்கள், இரண்டையும் வைத்தால்தான். ஒன்றை மட்டும் வாங்கினால் எதோடு ஒப்பிடுவீர்கள்? பாட்டிலுக்குச் சில நூறு யூரோ ஆகும் இந்த ஒயின்களை ஒற்றையாக வாங்குபவர் மலையின் ஒரு குரலை மட்டும், அதுவும் மிகச் சத்தமாகக் கேட்கிறார். இளமையில் பவியோனின் துவர்ப்பு ஈறைப் பிடித்து இறுக்கும், பத்து வருஷத்துக்கு முன் திறப்பது பணத்தைக் கரைப்பது.

இன்னொரு சிக்கலும் வந்துகொண்டிருக்கிறது. கோடைகள் கடுமையாகின்றன. 2003, 2022 போன்ற வெயில் வருஷங்களில் மேயாலின் கூழாங்கல் சூடு பழைய காலத்தைப் போல வரமாக மட்டும் இருப்பதில்லை, பழம் வேகமாகச் சர்க்கரை ஏறி ஒயினில் மதுசாரம் கூடிவிடுகிறது. தனித் துண்டு செய்பவருக்கு அந்த வருஷம் தப்பிக்க வழி இல்லை. நிலம் எது கொடுத்ததோ அதுதான் பாட்டிலில்.

கலவை

ஆற்றின் மறுகரையில் மோவ் என்ற கிராமம். அங்கே இருக்கும் ஷாவ் குடும்பம் 1481 முதல் திராட்சை வளர்க்கிறது. மலையில் பல துண்டுகளில் அவர்களுக்கு நிலம். ஒவ்வொரு துண்டின் அறுவடையும் தனியாக நொதித்துத் தனிப் பீப்பாயில் வளரும், முடிவில் எல்லாவற்றையும் ருசி பார்த்து ஒரே எர்மிடாஜாகச் சேர்ப்பார்கள். முதுகெலும்பு பெசார். அதன் மேல் மேயாலின் சதை, லெர்மித்தின் நேர்த்தி, மற்ற துண்டுகளிலிருந்து வாசனை. சில நல்ல வருஷங்களில் மட்டும் கத்தலான் என்ற பெயரில் ஒரு தனித் தேர்வு உண்டு, 1990-இல் ஆரம்பித்தது. அதன் விலை நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது. அதுவுமே கலவைதான், விகிதம் மட்டும் வேறு.

தனித் துண்டு ஒயின்களை ஒசத்தி என்றும், கலப்பதை ஏதோ குறையை மறைக்கும் வேலை என்றும் நினைப்பது இன்றைய ஃபேஷன். ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனியாகப் பாட்டிலாக்கும் பர்கண்டி பகுதியைப் பார்த்துப் பழகிய கண் அது. எர்மிடாஜின் மரபு நேர் எதிர். இங்கே ஒரு துண்டின் குறையை இன்னொன்று நிரப்புகிறது: பெசார் தனியாக இருந்தால் வறட்டு இறுக்கம், மேயால் தனியாக இருந்தால் கொழுப்பு, கிரெஃபியூ தனியாக இருந்தால் கொஞ்சம் அசட்டு இனிமை. வெயில் கொளுத்தும் வருஷத்தில் மேயாலைக் குறைத்துக் கிரானைட்டைக் கூட்டலாம், குளிர்ந்த வருஷத்தில் மாற்றலாம். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் நாக்குக்குத்தான் ஷாவ் வீட்டில் காசு கொடுக்கிறோம், நானும் அதற்காகவே கொடுப்பேன்.

ஜபூலேயின் லா ஷப்பேல் பற்றி ஒரு வார்த்தை. பெயர் தேவாலயத்தினுடையது, ஆனால் ஒயின் அந்த இடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மேயாலும் பெசாரும் முக்கியமாகச் சேர்ந்த கலவை. 1961-ஆம் வருஷத்து லா ஷப்பேல் இருபதாம் நூற்றாண்டின் மகத்தான ஒயின்களில் ஒன்றாக இன்னும் பேசப்படுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து சில வருஷம் தரம் இறங்கியது, 2006-இல் ஃப்ரே குடும்பம் நிறுவனத்தை வாங்கிய பிறகு மறுபடி ஏறியது. ஆகவே லா ஷப்பேல் வாங்கினால் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள், பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஷபூத்தியேயும் கலவை செய்கிறார்கள், அந்த சிசெரான் பெயரில், தங்கள் தனித் துண்டுகளைவிட எவ்வளவோ குறைந்த விலையில். அப்புறம் 1933-இல் தொடங்கிய உள்ளூர் கூட்டுறவுச் சங்கம், காவ் த தேங். மலையில் அவர்களுக்குக் கணிசமான நிலம் இருக்கிறது, பெசார் உட்பட. கூட்டுறவு என்றதும் சிலர் மூக்கைச் சுருக்குவார்கள். அவர்களுடைய கம்பேர் த லோஷ் என்ற சிவப்பைக் குடித்துவிட்டுச் சுருக்கட்டும்.

கலவையின் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்த மலையின் சிவப்பில் கணிசமான பங்கு போர்தோவுக்குப் போனது, அங்கே மெலிந்து போன வருஷங்களின் ஒயினுக்கு உடம்பு சேர்க்க. மறைவாகவும் செய்யவில்லை, எர்மிடாஜ் சேர்த்த போர்தோவுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்தது. 1937-இல் எர்மிடாஜுக்குச் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. இன்று போர்தோக்காரர் அப்படிச் சேர்த்தால் போர்தோ என்ற பெயரையே இழந்துவிடுவார்.

வெள்ளை

கடைக்காரர் முதலில் சிவப்பைத்தான் நீட்டுவார். மலையில் கால்வாசிக்கு மேல் வெள்ளைத் திராட்சை என்பது பலருக்குத் தெரியாது. மார்சான், ரூசான் என்று இரண்டு வகை. ரூசானுக்கு வாசனை அதிகம், ஆனால் நோய் சீக்கிரம் பிடிக்கும், விளைச்சலை நம்ப முடியாது. அதனால் மலையில் ஆட்சி மார்சானுக்கு. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் 1787-இல் தேங் வழியாகப் பயணம் செய்து இந்த வெள்ளையின் தீவிர ரசிகரானார். ஜனாதிபதியான பிறகும் வரவழைத்துக் குடித்தார்.

மார்சானின் புளிப்பு குறைவு. புளிப்பு இல்லாத வெள்ளை சீக்கிரம் சாகும் என்பது பாடப்புத்தக விதி, இந்த மலை அதை மதிப்பதே இல்லை. முதல் மூன்று நான்கு வருஷம் பழமும் பூவுமாக இருக்கும். அப்புறம் திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். மணம் இல்லை, சுவை தட்டை, கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். பத்து வருஷத்துக்குப் பக்கத்தில் மறுபடி விழித்தால் தேன்மெழுகு, வறுத்த கொட்டை, உலர்ந்த வைக்கோல் என்று வேறு ஒரு ஒயின் வந்து நிற்கும். இருபது முப்பது வருஷம் தாங்கும் வெள்ளைகள் இங்கே சாதாரணம். ஆகவே விதி: ஒன்று மிக இளசாக வாங்கு, இல்லாவிட்டால் நன்றாக முதிர்ந்ததை வாங்கு, நடுவில் தொடாதே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றவும் வேண்டாம். 12, 13 டிகிரிக்கு வரட்டும், குளிர் அதன் மணத்தை அப்படியே அமுக்கிவிடும்.

நம் சாப்பாட்டோடு குடிக்கப் போகிறீர்கள் என்றால் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை, வெள்ளைதான். தேங்காய்ப்பால் சொதி, வெண்ணெயில் வதக்கிய இறால், உறைப்புக் குறைந்த மீன் எதனோடும் போகும். சிவப்பு எர்மிடாஜின் துவர்ப்பும் மதுசாரமும் மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு எரிவதுதான் மிச்சம். அதற்கு வெறும் உப்பும் மிளகும் போட்டு வாட்டிய ஆட்டுக்கறி போதும்.

அண்டை வீடுகள்

மலையைச் சுற்றி மூன்று பக்கமும் குரோஸ் எர்மிடாஜ். பெயரில் பாதி ஒன்று, பரப்பு எர்மிடாஜைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். பெரும்பகுதி தெற்கே கூழாங்கல் சமவெளி. அங்கிருந்து வருவது இளமையிலேயே குடிக்க ஏற்ற, பழம் நிறைந்த சிரா, பாட்டில் 20, 30 யூரோவுக்குள் கிடைக்கும். வடக்கே லார்னாஜ் பக்கம் வெண்களிமண்ணில் விளையும் வெள்ளை தனியாகத் தேடிக் குடிக்கத் தகுந்தது. குரோஸை ஏழைகளின் எர்மிடாஜ் என்று விற்கும் கடைக்காரரை மட்டும் நம்பாதீர்கள். அது வேறு மண், வேறு நோக்கம்.

ருசியில் மலைக்கு நெருக்கமானதை மறுகரையில் தேடலாம். சேன் ஜோசெஃப் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பகுதி, தரம் ஏற்ற இறக்கம். ஆனால் மோவ், தூர்னோன் ஊர்களின் பழைய சரிவுகளில் பெசாருடைய கிரானைட்டின் உடன்பிறப்பு இருக்கிறது. இன்னும் தெற்கே கோர்னாஸ், முழுக்க சிரா, வெள்ளைக்கு இடமே இல்லை, மலைகள் கிண்ணம்போல் சூழ்ந்து மிஸ்த்ராலைத் தடுப்பதால் வெக்கை. முரட்டு அழகு அது, விலையும் இப்போது ஏறிவிட்டது. வடக்கே கோத் ரோத்தி வாசனையின் ராஜ்ஜியம், வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைக் கொஞ்சம் சேர்த்தே நொதிக்க வைக்கலாம். அதை எர்மிடாஜுக்கு மாற்றாகப் பார்ப்பது இரண்டுக்கும் அநியாயம். பழைய ஆஸ்திரேலிய பாட்டில்களில் எர்மிடாஜ் என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அங்கே சிராவுக்கே அந்தப் பெயர் வழங்கியது, அங்கத்திய புகழ்பெற்ற சிவப்பான பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் 1989 வரை அந்தப் பெயரோடுதான் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தியாவில் இறக்குமதி வரியும் மாநில வரியும் சேர்ந்தால் இந்த விலைகள் எங்கேயோ போய்விடும், ஆகவே ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கோ அங்கே போய்வருபவர்களுக்கோதான் இது பொருந்தும்.

கையில் 30 யூரோ என்றால் எர்மிடாஜை மறந்துவிட்டு, மோவ் பக்கத்து சேன் ஜோசெஃப் ஒன்றை நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி இந்த வாரமே குடியுங்கள். நூறு யூரோவை ஒட்டி என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் சிவப்பு அல்லது ஷபூத்தியேயின் சிசெரான் கலவை. முடிந்தால் பத்து வருஷம் ஆன பாட்டில், நம்பகமான கடையில், அது எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். சில நூறு செலவழிக்க மனம் இருந்தால் ஷாவ், 2010 அல்லது 2015. ஆனால் குளிர்ந்த நிலவறையோ ஒயினுக்கான குளிர்பெட்டியோ இல்லாத வீட்டில் அதை வாங்கி வைக்காதீர்கள், இரண்டு கோடைக்குள் அடுப்படி அலமாரியின் சூடு அதைக் கெடுத்துவிடும். தனித் துண்டை நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, ஒரே வருஷத்து பவியோனும் லெ மேயாலும் ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே மாலையில் திறப்பதென்றால் மட்டும் நானும் பங்குக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் மீன்குழம்பு உண்டு என்றால் மூன்றாவதாக ஒரு முதிர்ந்த வெள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். செலவைப் பிரித்துக்கொள்ள இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.